திருப்பாதிரிப்புலியூரில் கயானா மனை விற்கப் பார்த்தேன்

தான் போய்ப் பார்க்காத ஊரைப் பற்றி, போன வாரம்தான் அங்கிருந்து திரும்பி வந்தவன் மாதிரிப் பேசத் தெரிந்தவனுக்குப் பெயர்தான் டிராவல் ஏஜென்ட். நான் இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில், ஒரு வளையல் கடைக்கும் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் ஆபீஸ். ஒரு காலத்தில் மஸ்கட், துபாய், சிங்கப்பூர் என்று வாசல் வரைக்கும் ஆள் நிற்பார்கள். பிறகு ஜனங்கள் போனிலேயே டிக்கெட் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்கள். இப்போது என்னிடம் வருகிறவர்கள், போனில் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, அதை மாற்றித் தர முடியுமா என்று கேட்கத்தான் வருகிறார்கள்.

அந்த நிலைமையில்தான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். தென் அமெரிக்காவில் கயானா என்று ஒரு நாடு இருக்கிறது, கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்திருக்கிறது, மனை விலை ஏறிக்கொண்டே போகிறது, நீங்கள் ஆளைப் பிடித்து டூர் அனுப்புங்கள், பிடித்திருந்தால் அங்கேயே மனை வாங்குவார்கள், டூருக்கும் கமிஷன், மனைக்கும் கமிஷன் என்றார். நான் சரியென்றேன். கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிழைக்கிற அன்பர்களே, என் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். நமக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்ற கவலையாவது உங்களுக்குக் குறையும்.

மூணு சாண் தூரம்

கம்பெனிக்காரர் முதல் வேலையாக என் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய உலக வரைபடத்தை மாட்டிவிட்டுப் போனார். மாட்ட விட்டிருக்கக் கூடாது. மறுநாளே நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வரைபடத்துக்கு முன்னால் நின்றார். நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார், காட்டினேன். அது எங்கே என்றார், அதையும் காட்டினேன். கட்டைவிரலைச் சென்னையில் ஊன்றி, சுண்டுவிரலை நீட்டி, சாண் சாணாக அளந்து பார்த்தார். மூணு சாண் வந்தது. பரவாயில்லை என்பது மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். நேராகப் போக விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், அங்கே இறங்கி ஏறுவதற்கே தனியாக ஒரு விசா வேண்டும், அந்த விசாவுக்கு வரிசையில் நிற்பதை நினைத்தால் ஆயுசு போதாது. அதனால் ஐரோப்பாவில் ஓர் ஊரில் இறங்கி, பனாமா போய், அங்கிருந்து கயானா. வழியில் சாப்பாடு எப்படிக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கைப்பையில் ரெண்டு பொட்டலம் புளிசாதம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கயானா ஏர்போர்ட்டில் இறங்குவதற்குள் தின்று தீர்த்துவிட வேண்டும். போவதற்கு ரெண்டு நாள், வருவதற்கு ரெண்டு நாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

"காலைல போயி எடத்தப் பாத்துட்டு சாயங்காலம் வந்துடலாம்னு நெனச்சேன் சார். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்ல."

மீட்டர் பெட்டி

கலியபெருமாள் வந்தது ரெண்டாவது மாதத்தில். கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். சிதம்பரத்துக்கு வெளியே, வயலைத் திருத்தி மனை போட்ட ஒரு நகரில் வீடு. இருக்கிறது அந்த ஒரு வீடுதான். ஒரே மகள், கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டு கயானாவில் மனை வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு, ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் மகள் வீட்டில் என்று இருந்துவிடப் போகிறேன் என்றார். எனக்கே கொஞ்சம் திக்கென்று இருந்தது. மற்றவர்கள் கையில் மிஞ்சியதைக் கொண்டு வந்து பேசுவார்கள். இந்த மனுஷன் தலைக்கு மேலே இருக்கிற கூரையைக் கொண்டு வந்திருந்தார். கூட வந்த அவர் மனைவி, தண்ணீர் கேன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மாவட்டத்தில் மனை பார்க்கப் போனால் யாரும் முதலில் விலை கேட்க மாட்டார்கள். தண்ணி நிக்குமா என்றுதான் கேட்பார்கள். அதற்கு விற்கிறவன் சொல்கிற பதிலை எவனும் நம்ப மாட்டான். பக்கத்து வீட்டுச் சுவரில் கறை எதுவரைக்கும் ஏறியிருக்கிறது, வாசலுக்கு எத்தனை படி, ஃபிரிட்ஜுக்கு அடியில் எத்தனை செங்கல் என்று நோட்டம் விட்டுக்கொண்டு வருவார்கள். கலியபெருமாள் லைன்மேன் இல்லையா, அவர் கேட்டது வேறு. "பக்கத்து வூட்ல கரண்ட் மீட்டர் எந்த ஒசரத்துல மாட்டியிருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க. மத்ததெல்லாம் பொய் சொல்லும், மீட்டர் பெட்டி சொல்லாது" என்றார். கம்பெனிக்கு எழுதினேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பதிலுக்கு அந்தத் தெருவின் போட்டோ ஒன்றை அனுப்பினார்கள். மர வீடுகள், ஒவ்வொன்றும் தூண்கள் மேல் நிற்கிறது, கீழே கார், வெளிப்பக்கம் நீளமாக ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் தரைத்தளத்தில் கார் நிறுத்தும் வசதி என்று அடியில் எழுதியிருந்தது.

போட்டோவை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மனைவியிடம் காட்டவில்லை. ஒரு காப்பி எடுத்துத் தரச் சொல்லி, அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல எடம் சார். எம் பேர எழுதிக்குங்க."

மஞ்சள் அட்டை

கயானா மாதிரி நாடுகளுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லி வைக்கிறேன். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டு, அதற்கான அட்டையோடு போக வேண்டும். கிளம்புவதற்குப் பத்து நாளைக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே ஏர்போர்ட்டிலேயே பிடித்து, வீட்டுக்கு விடாமல் தனியாக வைத்துவிடுவார்கள். ஊசி கடலூரில் கிடையாது, சென்னைக்குத்தான் போக வேண்டும்.

மேல்பட்டாம்பாக்கத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிற ஒருவர் ரொம்ப ஆர்வமாக இருந்தார். ஊசி என்றதும் மறுநாளே சென்னைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அட்டையை லேமினேஷன் செய்து, வாகன லைசென்ஸோடு சேர்த்து பர்ஸில் வைத்திருந்தார். இனிமேல் அதில் ஒருத்தரும் ஒரு சீலும் வைக்க முடியாது என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை. ஒரு வாரம் ஆளைக் காணோம். பிறகு வந்து, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், நிலம் வாங்குகிற யோசனையை விட்டுவிட்டேன் என்றார். சரி, கிளம்பப் போகிறார் என்று பார்த்தால் உட்கார்ந்தே இருந்தார். பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார். இது எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கேட்டார். ஆயுசு முழுக்கச் செல்லும் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப வீணாவக் கூடாது. இந்த அட்டைக்கு வேற எந்தெந்த நாடு வரும், சொல்லுங்க."

தலைக்கட்டு வரி

திருவந்திபுரத்தில் கல்யாணங்களுக்குப் பந்தல் போடுகிறவர் ஒருவர் கோயில் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் பக்கத்து ஜனங்கள் கப்பலேறிப் போனார்கள், கையோடு மாரியம்மனையும் கொண்டு போனார்கள், இன்றைக்கும் உடுக்கை அடித்துத் திருவிழா நடக்கிறது என்று கம்பெனி கொடுத்த காகிதத்தில் இருந்ததைவிட நாலு வார்த்தை கூடவே சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த மனுஷனுக்கு முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நிறுத்தினேன்.

நம் ஊர்களில் திருவிழா என்றால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். ஊரில் இல்லாவிட்டாலும், ஒரு மனை இருந்தால்கூட ஆளைத் தேடி வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் யோசனை அங்கே போய் நின்றுவிட்டது.

"ஊர்ல ரெண்டு கோயிலுக்கு வரி குடுக்கறேன், மாமியா ஊர்ல ஒண்ணு. கடல் தாண்டியும் ரசீது புக்கோட வருவாங்கன்னா நமக்கு ஆவாது சார்."

எந்த ஊர் நேரம்

கலியபெருமாள் மட்டும் பின்வாங்கவே இல்லை. மாதம் ரெண்டு தடவை சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் மனைவியும் வருவார், அதே நாற்காலியில் உட்கார்வார். நான் காபி சொன்னால் வேண்டாம் என்று கையை மட்டும் அசைப்பார். கார்த்திகை மழையில் அவர்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்து, மூன்று நாள் கழித்து வடிந்தது. அதற்குப் பிறகு கலியபெருமாளுக்கு அவசரம் ஜாஸ்தியாகிவிட்டது. வீட்டை வாங்க மருந்துக்கடைக்காரர் ஒருவர் கிடைத்தார். அவருக்கு அந்த இடம் குடோனுக்காம், ரெண்டு லாரி மண் அடித்துத் தூக்கிவிடுவேன் என்றாராம். சிதம்பரத்தில் பத்திரம் பதிய ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாள் குறித்தார்கள்.

அதே நேரத்தில் கயானா மனைக்கான படிவமும் போய்ச் சேர வேண்டும் என்று கலியபெருமாளுக்கு ஆசை. இங்கே பத்து மணி என்றால் அங்கே ஒன்பதரை மணி நேரம் பின்னால், திங்கட்கிழமை பிறந்து அரை மணிதான் ஆகியிருக்கும் என்றேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். எந்த ஊர் நேரத்தைப் பார்ப்பது? என் எதிரிலேயே ஜோசியருக்குப் போன் போட்டார். ஜோசியர் அசரவில்லை. ராகு காலம் என்பது சூரியன் உதித்த பிறகு வருவது, அங்கே இன்னும் சூரியனே உதிக்காதபோது ராகு காலம் எங்கிருந்து வரும், தாராளமாக அனுப்புங்கள் என்றார். இந்த மாதிரி ஆள் எங்கள் தொழிலுக்கு வந்திருந்தால் நான் எப்போதோ கடையை மூடியிருப்பேன்.

கலியபெருமாள் தன் வீட்டுப் பத்திரத்தையும் கொண்டு வந்திருந்தார். பணம் வந்த வழியைக் காட்ட கம்பெனிக்கு ஒரு நகல் வேண்டும். என் ஆபீஸில் டிக்கெட் வேலை பார்க்கிற நிர்மலா அதை வாங்கி ஸ்கேன் செய்தாள். முதுநகர்ப் பெண், பதினொரு வருஷமாக என்னிடம் இருக்கிறாள், எதையும் ரெண்டு தடவை படிக்காமல் மெஷினில் வைக்க மாட்டாள். கலியபெருமாளும் மனைவியும் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனதும் என்னிடம் வந்தாள்.

"சார், வூடு அந்தம்மா பேர்ல இருக்கு. நாம யாராவது அவுங்கள ஒரு வார்த்த கேட்டமா?"

கடல் மேலே, ரோடு கீழே

கேட்டிருக்க வேண்டும். அதற்குள் கம்பெனி, ஏஜென்ட்டுகள் நாலு பேரை கயானாவுக்கு அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னது, நான் பெட்டி கட்டப் போய்விட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில், நான் விற்கிற ஊரை நானே பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை. போகிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. ஊறுகாய் பாட்டிலை மூணு கவரில் சுற்றினாலும் எண்ணெய் வெளியே வரும், வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காலில் பழைய செருப்பே போதும், ரெண்டாவது விமானத்திலேயே கால் வீங்கிவிடும். அங்கே இங்கிலீஷ் பேசுகிறார்கள், வண்டி நம் மாதிரி இடப்பக்கம் போகிறது, ரொட்டியும் பருப்பும் எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது. தெருவில் போகிறவர்களைப் பார்த்தால் நம் பஸ் ஸ்டாண்டில் பார்த்த முகமாக இருக்கிறது, பேசினால்தான் நாம் வெளியூர் என்று தெரிகிறது. கொசு நம்முடையதைவிடப் பெரிசு.

சாயங்காலம் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீளமாக ஒரு சுவர். ஜனங்கள் அதன்மேல் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நானும் ஏறினேன். ஒரு பக்கம் கடல், பழுப்பு நிறத் தண்ணீர், ஏறிக்கொண்டிருந்தது. மறுபக்கம் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த வண்டி, ரோடு, கடைகள், வீடுகள் எல்லாம் அந்தத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தன. கூட வந்த சேலத்துக்காரர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். நான் கடலூர்க்காரன். கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவன். சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கம்பெனி விற்கிற மனை அங்கிருந்து முக்கால் மணி நேரம். அதுவும் அதே மட்டம்தான். பக்கத்தில் ஒரு வாய்க்கால், அதன் முனையில் கடலைப் பார்த்து ஒரு பெரிய மதகு. வண்டி ஓட்டி வந்தவர் பெயர் ராம்சரண், அவருடைய கொள்ளுத் தாத்தா கப்பலில் வந்தவராம். அந்த மதகு எதற்கு என்று கேட்டேன். அவர் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"கடல் எறங்கும்போது தெறப்பாங்க, மழைத் தண்ணி போயிடும். கடல் ஏறும்போது மூடுவாங்க. மதகுக்காரரு அசந்துட்டா, அன்னிக்கு நாங்க யாரும் மாடியவிட்டு எறங்க மாட்டோம்."

தூண் வீடு

சனிக்கிழமை ஊர் திரும்பினேன். திங்கட்கிழமை பத்திரம். சொல்வதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் என்னோடு நானே மல்லுக்கட்டினேன். எட்டு மாதத்தில் எனக்கு வாய்த்த ஒரே ஆள் கலியபெருமாள்தான், அவரும் போனால் கம்பெனி என்னைக் கழற்றிவிட்டுவிடும். ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று ஓடுகிற மனுஷனை, கடலுக்குக் கீழே இருக்கிற மனைக்கு அனுப்பிவிட்டு நான் எப்படித் தூங்குவது? நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அந்தச் சுவர்மேல் நான் நின்றிருக்காவிட்டால் அனுப்பித்தான் இருப்பேன்.

சிதம்பரம் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் இடுப்புக்குக் கீழே பெயிண்ட் உப்பிப் போயிருந்தது. பாதி சாமான்கள் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. அவர் மனைவி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், கடல், மதகு, ராம்சரண் சொன்னது எதையும் விடவில்லை. இந்த வீட்டில் தண்ணீர் வருஷத்துக்கு நாலு நாள் வருகிறது, அங்கே ஒரு மதகுக்காரரை நம்பி வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், பத்திரத்தை நிறுத்துங்கள் என்றேன்.

கலியபெருமாள் கொஞ்சமும் அதிரவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த போட்டோவை எடுத்துப் பிரித்தார். மடித்த இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. இதை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன் என்றார். நானும்தான் பார்த்தேன், கார் நிறுத்துகிற இடத்தைத்தான் பார்த்தேன்.

"காரு நிறுத்தவா சார் ஒருத்தன் பத்தடிக்குத் தூணு போடுவான்? எனக்கு இந்த மனைய வித்தவன், தண்ணி வராதுன்னு புள்ள மேல சத்தியம் பண்ணான். வருஷா வருஷம் ஆபீசருங்களும் இனிமே வராதுன்னுட்டுப் போறாங்க. அந்த ஊர்க்காரன் பாருங்க, வரும்னு ஒத்துக்கிட்டு தூக்கிக் கட்டியிருக்கான். ஒத்துக்கற ஊருல போயி இருந்துட்டுப் போறேன், வுடுங்க."

சம்மதம்தானா

அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? திங்கட்கிழமை காலையில் கயானா படிவத்தையும் எடுத்துக்கொண்டு நானே சிதம்பரம் பத்திர ஆபீஸுக்குப் போனேன். நல்ல கூட்டம். மருந்துக்கடைக்காரர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். கலியபெருமாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மனைவி பெஞ்சின் ஓரத்தில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தனலட்சுமி யாரு?" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அந்தம்மாவின் பெயர் எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. பத்திரத்தின் நகல் நாலு வாரமாக என் ஆபீஸ் பீரோவில் இருந்தது. அந்தம்மா எழுந்து போய் அதிகாரி மேஜைக்கு எதிரில் நின்றார். நாங்களும் பின்னால் நின்றோம். அதிகாரி தலையை நிமிர்த்தாமல், எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "படிச்சுப் பாத்தீங்களாம்மா? உங்க சம்மதத்தோடதான் விக்கிறீங்களா?" எல்லாரும் இதற்கு ஊம் என்று தலையாட்டிவிட்டு விரலை நீட்டுவார்கள். அந்தம்மா விரலை நீட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் என்னிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், நேத்து நீங்க சொன்னதெல்லாம் உள்ளேருந்து கேட்டேன். தண்ணி அங்கயும் வருது, இங்கயும் வருது, அது இருக்கட்டும். இங்க தண்ணி வந்தா எதுத்த வூட்டு ஸ்டெல்லா அக்கா மாடியிலேருந்து, தனலட்சுமி, மேல வாடின்னு கூப்புடும். போன கார்த்திகையில மூணு நாளு அங்கதான் சோறு. அங்க எம் பேரு யாருக்கு சார் தெரியும்?"

எந்த ஊருக்கு எத்தனை விமானம், எந்த நாட்டுக்கு எந்த ஊசி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன். அந்தப் பெயர் மட்டும் எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அவமானமாக இருந்தது, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, "இல்லைன்னா தள்ளி நில்லுங்கம்மா, பின்னால ஆளு நிக்கிது" என்றார். கலியபெருமாள் மேஜைப் பக்கம் வந்தார். என் முன்னால் அவர் மனைவியை எப்போதும் இந்தா, இங்க பாரு என்றுதான் கூப்பிடுவார். மேஜை மேல் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, அந்தம்மாவின் துணிப்பைக்குள் வைத்தார்.

"தனலட்சுமி, வா. வூட்டுக்குப் போலாம்."

எட்டு மாதம் கயானா மனை விற்றதில் உருப்படியாக நடந்தது சிதம்பரத்தில் ஒரு வீடு விற்காமல் நின்றது ஒன்றுதான், அதற்குக் கமிஷன் தருகிற கம்பெனி எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், ஏஜென்சி எடுத்துக்கொள்கிறேன்.